வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீட்டு உரிமையாளர்களை எப்படி அணுகுவது?

மேடவாக்கத்தான்:
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் பராமரிப்பு மேலாளராக இருந்துவிட்டு, இப்போது உரிமையாளர் ஊரில் இல்லாத வீடுகளை வாடகைக்கு விட்டு நிர்வகித்துக் கொடுக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கியிருக்கிறேன். ஒப்பந்தம் போடுவது, பழுதுகளைச் சரிசெய்வது, சொத்து வரியும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. கையில் இருக்கும் சில வீடுகளும் தெரிந்தவர்களுடையவை. வாடகை இணையதளங்களில் பணம் கட்டி விளம்பரம் கொடுத்தால், வீடு தேடுபவர்களும் புரோக்கர்களும்தான் அழைக்கிறார்கள். அரிதாகப் பேசக் கிடைக்கும் உரிமையாளரோ, "ஒரு மாத வாடகையோடு புரோக்கர் ஒதுங்கிவிடுகிறார், உங்களுக்கு மட்டும் மாதாமாதம் எதற்குப் பணம்?" என்று கேட்கிறார். இவர்களை எங்கே தேடுவது, என்ன சொல்லி நம்ப வைப்பது?

வேளச்சேரி நிர்வாகி:
இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த இணையதளங்களுக்கு வருபவர்கள் வீடு தேடுபவர்கள்தான் என்பதால், அங்கே உங்களை விளம்பரப்படுத்துவதில் பயனில்லை. உரிமையாளர்களை அறிந்தவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஆடிட்டர்கள், அடுக்குமாடிச் சங்கங்களின் செயலாளர்கள், சாவி ஒப்படைக்கும் கட்டத்தில் இருக்கும் சிறிய கட்டுநர்கள் ஆகியோரை நேரில் போய்ப் பாருங்கள். வளாகத்தின் வாட்ச்மேனையும் விட்டுவிடாதீர்கள். அவருக்குத் தெரியாத காலி வீடு எந்த வளாகத்திலும் கிடையாது.

சந்திக்கும்போது விசிட்டிங் கார்டை மட்டும் நீட்டாமல், நீங்கள் நிர்வகிக்கும் ஒரு வீட்டின் மாத அறிக்கையை, பெயரையும் கதவு எண்ணையும் மறைத்துவிட்டு, அச்செடுத்துக் கொடுங்கள். வாடகை எந்தத் தேதியில் உரிமையாளரின் கணக்கில் ஏறியது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தை வாடகைதாரர் கட்டிவிட்டாரா, குளியலறைச் சுவரில் ஈரம் படர்ந்த இடத்தின் படம், பிளம்பர் வேலை முடித்த பிறகு அதே இடத்தின் படம், அவர் கொடுத்த ரசீது என்று இரண்டு பக்கம் போதும். புரோக்கருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தாளே சொல்லிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பரில், மொட்டை மாடி வடிகால் குழாய்களில் அடைத்திருந்த சருகை அள்ளும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுபவர் தம் நண்பர்களுக்கும் அனுப்புவார். எனக்குப் புதிய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வந்தார்கள். கூகுள் மேப்பில் தொழில் பக்கம் இலவசம் என்பதால் அதையும் தொடங்கி, உரிமையாளர்களிடம் கருத்து எழுதச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர்வாசி:
பெரும்பாக்கத்தில் வீடு வைத்திருக்கும் உரிமையாளன் நான். எங்களுக்குப் பயம் இரண்டு விஷயங்களில்தான்: பணம், பவர் பத்திரம். வாடகையும் அட்வான்ஸும் நேராக என் என்ஆர்ஓ கணக்குக்கே (வெளிநாடு வாழ் இந்தியர்கள் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வர வேண்டும். நிர்வகிப்பவருக்கு அவருடைய கட்டணத்தை நான் தனியாக அனுப்புவேன். அதேபோல், வாடகைக்கு விடுவதற்கும் வரி கட்டுவதற்கும் மட்டுமான அதிகாரம் போதும், விற்கும் அதிகாரம் வேண்டாம் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்ன ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்தேன், அவர் கேட்ட தொகை மற்றவர்களைவிட அதிகமாக இருந்தும். இந்த இரண்டையும் உங்கள் அறிமுகத் தாளின் முதல் வரிகளாகவே போடலாம். "நம்பிக்கையான சேவை" என்று எல்லோரும்தான் போடுகிறார்கள்.

மாம்பலம் ஆடிட்டர்:
மேலே சொன்னதோடு வரி விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாடகைதாரர் பொதுவாக 30 சதவீதமும் அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரியும் டிடிஎஸ்ஸாக, அதாவது வாடகை கொடுக்கும்போதே வரியாகப் பிடித்து, அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு வாடகைதாரருக்கு டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவர்களுக்கு வருமான வரித் துறை தரும் எண்) வேண்டும். பெரும்பாலான வாடகைதாரர்களுக்கு இது தெரியாது, புரோக்கர்கள் வாயே திறப்பதில்லை, நோட்டீஸ் வந்த பிறகுதான் எங்களிடம் ஓடி வருகிறார்கள். ஒப்பந்தம் போடும் நாளிலேயே இதை எடுத்துச் சொல்லும் நிர்வாகியை எந்த ஆடிட்டரும் தயங்காமல் பரிந்துரைப்பார். மேலும், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். அந்தப் பதிவை முடித்துக் கொடுப்பதையும் உங்கள் சேவைப் பட்டியலில் தெளிவாக எழுதுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதையும் உரிமையாளருக்கு முன்கூட்டியே நினைவூட்டுங்கள்.

மேடவாக்கத்தான்:
மூவருக்கும் மிக்க நன்றி. அறிக்கை மாதிரியை இந்த வாரமே தயாரிக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: வீடு காலியாக இருக்கும் மாதங்களுக்கும் கட்டணம் கேட்கலாமா?

வேளச்சேரி நிர்வாகி:
தாராளமாகக் கேட்கலாம், ஆனால் வாடகையில் இத்தனை சதவீதம் என்று வைக்காமல், குறைந்த நிலையான தொகையாகக் கேளுங்கள். பூட்டிய வீட்டிலும் வேலை இருக்கிறது: குழாய்களைத் திறந்துவிட வேண்டும், கரையான் பார்க்க வேண்டும், சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் நிலுவையில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டைக் காலியாக வைத்திருப்பதில் உங்களுக்கு லாபம் இல்லை என்பது தெரியும்படி, அந்தத் தொகை வழக்கமான கட்டணத்தைவிட நன்றாகவே குறைவாக இருக்கட்டும். முதல் சந்திப்பிலேயே அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.