எண்ணெய்மட்டம், தோய்கோல்: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> டிப்ஸ்டிக்குக்கு ‘எண்ணெய் அளவுகோல்’ என்றே முடிவு செய்துவிடலாமா?

டிப்ஸ்டிக் என்பது எஞ்சினுக்குள் எண்ணெய் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கும் கோல், அதில் மேல்கோடு, கீழ்க்கோடு என்று இரண்டு குறிகள் இருக்கும். அதற்கு இந்தப் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. சிக்கல் ‘அளவு’ என்ற சொல்லில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் கையேட்டில் எஞ்சின் எத்தனை மில்லி எண்ணெய் கொள்ளும் என்பது ஒரு செய்தி. எண்ணெய் இப்போது எந்த உயரத்தில் நிற்கிறது என்பது வேறு செய்தி. இரண்டுக்கும் ‘அளவு’ என்றே எழுதினால், படிப்பவர் கோலில் உள்ள கோட்டைப் பார்க்காமல் பாட்டிலில் இருப்பதை முழுக்க ஊற்றிவிடுவார். எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது ஒரு கணக்கு. வெறுமனே வடித்து மாற்றும்போது, உள்ளே பழைய எண்ணெய் கொஞ்சம் தங்கிவிடுவதால், அதைவிடக் குறைவு. கடைசியில் நம்ப வேண்டியது கோட்டைத்தான்.

இந்த வேறுபாடு தமிழில் ஏற்கனவே புழங்குகிறது. மேட்டூர் அணை நிரம்பினால் நீர்மட்டம் 120 அடி, நீர் இருப்பு 93.47 டிஎம்சி என்று நாளிதழ்கள் தனித்தனியாகவே போடுகின்றன. யாரும் குழம்புவதில்லை. அதே வழியில் ‘எண்ணெய்மட்டம்’ என்போம். ஆனால் சேர்த்தே எழுத வேண்டும். பிரித்து எழுதினால் சரக்கு மட்டம் என்று படித்துவிட இடமுண்டு!

சரி, கோலுக்கு வருவோம். ‘மட்டக்கோல்’ என்றும் ஒரு மடலில் பார்த்தேன். அது மட்டப்பலகை, ரசமட்டம் என்று கொத்தனார் கருவிகளோடு போய்ச் சேர்ந்துவிடும். நான் முன்வைப்பது ‘தோய்கோல்’. எண்ணெயில் தோய்ந்த, தோய்கின்ற, தோயும் கோல். ஊறுகாய் போல வினைத்தொகை. பயன்படுத்தும் முறையும் இந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஸ்பிளெண்டர், ஷைன் போன்ற வண்டிகளில் கோல் மூடியோடு சேர்ந்து வரும், மூடிக்கு மரை உண்டு. ஆனால் மட்டம் பார்க்கும்போது திருகக் கூடாது. துளையில் தோய்த்து எடுத்தால் போதும். திருகினால் கோல் கூடுதலாக இறங்கி, குறைந்துபோன எண்ணெயையும் போதுமானதாகக் காட்டிவிடும். (திருகியே பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு, அங்கே கையேடு சொல்வதே முடிவு.)

சொல் நிற்குமா என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

“வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தவும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைக்கவும். எண்ணெய் கீழே இறங்க 2, 3 நிமிடம் விட்டு, தோய்கோலைக் கழற்றித் துடைத்து, திருகாமல் தோய்த்து எடுக்கவும். எண்ணெய்மட்டம் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.”

எனக்கு உறுத்தவில்லை.

அப்புறம், ‘டாப்-அப்’ என்பதற்கு ‘நிரப்புதல்’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். நிரப்பு என்றால் வாய்வரை ஊற்றத் தோன்றும். மட்டம் மேல்கோட்டைத் தாண்டினால் எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு எண்ணெயை அடித்து நுரைக்க வைக்கும், மிஞ்சியது ஏர் ஃபில்டர் வரை போகும். கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் பம்ப் காற்றை இழுக்கும், மேலே வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் பக்கம் தேயும். ஆகவே பொதுவாக ‘மட்டம் சரிசெய்தல்’. குறைந்தால் ‘கூட்டுதல்’, மிகுந்தால் ‘வடித்தல்’. “அதே தரத்து எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் மட்டம் பார்க்கவும்” என்று எழுதினால் எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.

மிச்சம் ஒன்று. பல்சர், புதிய கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் கோலுக்குப் பதில், எண்ணெய்மட்டம் தெரிய எஞ்சின் பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், வண்டியை நேராக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். ‘பார்வைக் கண்ணாடி’ என்றால் மூக்குக்கண்ணாடி நினைவு வருகிறது. திசைகாட்டி போல ‘மட்டங்காட்டி’ எனலாமா? உணரி (சென்சார்) வைத்து டிஸ்பிளேயில் காட்டும் வண்டிகளுக்கும் இதே சொல் போதுமா, அதற்குத் தனிச்சொல் வேண்டுமா? பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்.