பிஜி டாக்டர்களும் சிவப்பு மூடி சிரிஞ்சும்

தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். பிஜி மாணவர்களுக்கு, அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படிக்கிற டாக்டர்களுக்கு, ஆஸ்பத்திரி 'சிஸ்டம்' எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொடுத்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை நாலரை இருக்கும். 108-ல் ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வயல் வேலை செய்கிறவர். உடம்பெல்லாம் வேர்வை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, ரத்தச் சர்க்கரை 34-க்கு இறங்கியிருந்தது. டூட்டி பிஜி கெட்டிக்காரர். நான் வருவதற்குள் குளுக்கோஸ் ஏற்றி அம்மாவை எழுப்பி உட்காரவே வைத்துவிட்டார். கேஸ் ஷீட்டில் மட்டும், 'நோயாளி இன்சுலினைத் தவறாகப் போட்டுக்கொண்டதால்' என்று எழுதியிருந்தார்.

வெளியே மகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "சார், நீங்க எழுதினபடி இருபதுதான் சார் போட்டேன்" என்று மஞ்சள் பையைப் பிரித்துக் காட்டினான். உள்ளே ஒரு இன்சுலின் கார்ட்ரிட்ஜும், பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) கொடுத்த சிவப்பு மூடி சிரிஞ்சும் இருந்தன.

நான்கு நாள் முன்பு டிஸ்சார்ஜ் எழுதியதும் அதே பிஜிதான். சீட்டில் இருந்தது, இன்சுலின் போடும் பேனாவுக்குள் வைக்கிற கார்ட்ரிட்ஜ். மகன் மெடிக்கலில் அதை வாங்கிவிட்டான். பேனா என்று தனியாக ஒன்று வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில்தான் சிரிஞ்சு இருக்கிறதே, ரப்பரில் குத்தி உறிஞ்சிவிட்டான். கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சோ ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்காகக் கோடு போட்டது. அதில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் அரை மில்லி. அம்மா உடம்பில் ஏறியது 50 யூனிட்.

அந்த பிஜியைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "பி.எச்.சி.யில என்ன இன்சுலின் கொடுக்கிறாங்க தெரியுமாப்பா?" தெரியவில்லை. சர்க்கரை குறைந்தால் மூளைக்குள் என்ன நடக்கும் என்று அரை மணி நேரம் பேசக்கூடியவர். திட்ட மனசு வரவில்லை. நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் வகுப்பெடுத்துப் பார்த்தேன். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறைக்குக் கீழே, தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவப் பணிகள் துறைக்குக் கீழே, நாம் மருத்துவக் கல்வித் துறைக்குக் கீழே என்று பெட்டி பெட்டியாகப் படம் போட்டேன். மூன்றாவது படத்திலேயே பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இரவு டூட்டி பார்த்துவிட்டு வந்தவர்களை என்ன சொல்வது?

அப்புறம் வழியை மாற்றினேன். வாரம் ஒரு நாள், டிஸ்சார்ஜ் ஆகிற ஒரு நோயாளியோடு ஒரு பிஜி கூடவே போக வேண்டும். கோட் கூடாது, ஸ்டெத் கூடாது. தான் எழுதிய சீட்டு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போக வேண்டும், முடிந்தால் பஸ் ஏறி பி.எச்.சி. வரைக்கும். முதலில் போனவர் மருந்து வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, தான் எழுதிய நான்கு மருந்தில் இரண்டு இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

அடுத்த பாடத்தை நான் எடுக்கவில்லை, எங்கள் பார்மசிஸ்ட் எடுத்தார். 1994-ல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு மருந்து எப்படி மொத்தமாக டெண்டரில் வாங்கப்படுகிறது, ஒவ்வொரு பேட்ச்சும் லேபுக்குப் போய்த் தேறிய பிறகே கிடங்கிலிருந்து ஏன் வெளியே வருகிறது என்றெல்லாம் சொன்னார். கடைசியில் பாஸ்புக் கதைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கீடு உண்டு, கிடங்கில் எடுக்க எடுக்க அதில் கழியும். "டாக்டர், நீங்க காய்ச்சல்னு வர்றவங்களுக்கெல்லாம் மெரோபெனம் மாதிரி விலை கூடின ஆன்டிபயாடிக் எழுதினா, மாசக் கடைசியில நான் சாதா ஆன்டிபயாடிக் எதை வெச்சு எடுக்கிறது?" இதே விஷயத்தை நான் இரண்டு வருடம் ஆன்டிபயாடிக் கொள்கை என்ற பெயரில் சொல்லியிருக்கிறேன். யார் காதிலும் ஏறியதில்லை.

உங்கள் இடத்தில் எப்படி?

பதில்: எலும்பு முறிவுப் பிரிவு, இரண்டாம் ஆண்டு பிஜி

சார், எனக்குப் பாடம் எடுத்தது காப்பீட்டு கவுண்டர் அக்கா. பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து ஒரு வடமாநிலத் தம்பி வந்தான். ரேஷன் கார்டு இல்லை, ஆதார் ஊரில் கிடக்கிறது. முதலமைச்சர் காப்பீடு வராது, குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும், எதுவுமில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அக்கா கேட்டார்: "விபத்து எங்க டாக்டர் நடந்துச்சு? தமிழ்நாட்டு ரோட்டுலதானே? அப்ப 48-ல போடுங்க." 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில், நம் எல்லைக்குள் விபத்து நடந்தால் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்குச் சிகிச்சை உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதோடு விடவில்லை. நான் எழுதிய விபத்துப் பதிவேட்டு நகலைத் திருப்பிக் கொடுத்தார். விபத்து நடந்த நேரம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். நேரமே இல்லாமல் 48 மணியை எங்கிருந்து எண்ணுவது? இப்போது ஹவுஸ் சர்ஜன்களிடம் நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

பதில்: ஆரம்ப சுகாதார நிலைய ஸ்டாஃப் நர்ஸ்

பெரியாஸ்பத்திரிச் சீட்டு எங்களிடம் வரும்போது என்ன ஆகிறது என்று நானும் சொல்கிறேன். இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையை பிராண்ட் பெயரில் எழுதியிருப்பீர்கள். எங்களிடம் தனித்தனியாகத்தான் இருக்கும். எங்கள் டாக்டர் மாற்றி எழுதித் தந்தால், "பெரிய டாக்டர் எழுதினது வேற மாத்திரைம்மா" என்று பாட்டி சண்டைக்கு வரும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிற பெண்ணிடமும் அதே சண்டைதான். மருந்தின் பெயரையும் அளவையும் கொட்டை எழுத்தில் எழுதினாலே போதும் சார். இன்னொன்று, 'ஒரு வாரத்தில் ஓபி வரவும்' என்று எல்லோருக்கும் எழுதாதீர்கள். எங்கள் ஊரிலிருந்து வந்துபோனால் ஒரு நாள் கூலி போச்சு. பிரஷர் பார்க்க நாங்கள் இல்லையா?

பதில்: தனியார் மருத்துவக் கல்லூரி, மூன்றாம் ஆண்டு பிஜி

எல்லாம் சரி. ஆனால் 36 மணி நேரம் டூட்டி பார்க்கிறவனை மருந்து வரிசையிலும் நிற்கச் சொல்வது அநியாயம். ஏற்கெனவே ரத்தம் எடுத்துப் போவது, ஸ்கேனுக்கு ட்ராலி தள்ளுவது எல்லாம் நாங்கள்தான். டி.ஆர்.பி. என்கிற மாவட்டப் பயிற்சிக்காக மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். கற்றுக்கொள்ள என்று அனுப்பினார்கள், அங்கே ஆள் இல்லாத டூட்டியில் போட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

முதலில் எழுதியவர்:

தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டூட்டி முடிந்தவர்களை நான் அனுப்புவதில்லை. அந்த நாளின் வார்டு வேலையை யூனிட்டில் மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறோம். யூனிட்டில் ஆள் குறைந்த மாதம் இது நின்றுபோகும், போன வருடம் இரண்டு மாதம் நின்றது. டி.ஆர்.பி. பற்றி எங்கள் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். அங்கே போனதும் மருந்துக் கிடங்கையும் காப்பீட்டு அறையையும் சுற்றிக்காட்ட ஒருவரைப் பொறுப்பாகப் போட்டால் தேவலை.

சிஸ்டர், உங்கள் பதிலைப் பிரிண்ட் எடுத்து வார்டில் டிஸ்சார்ஜ் எழுதுகிற மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

அந்த இன்சுலின் பிஜி இப்போது கடைசி வருடம். போன செவ்வாய்க்கிழமை ஒரு தாத்தாவுக்கு டிஸ்சார்ஜ் எழுதும் முன் அவர் ஊர் பி.எச்.சி.க்குப் போன் போட்டார். நாற்பது யூனிட் குப்பி இருக்கிறதாம், சிரிஞ்சு வியாழக்கிழமைதான் வருமாம். தாத்தாவை வியாழன் வரை வைத்துக்கொண்டார். மறுநாள் ரவுண்ட்ஸில் எங்கள் யூனிட் சீஃப் அந்தக் கட்டிலைக் காட்டி, "இவர் நல்லாத்தானே இருக்கார், ஏன் இன்னும் அனுப்பல?" என்றார்.

"சிரிஞ்சு வரல சார்" என்றார் பிஜி. சீஃப் என்னைத் திரும்பிப் பார்த்தார்.