33 இஞ்ச் டயர் போட்ட பிறகு டகோமா ஏற்றத்தில் திணறுகிறது: 4.88 போடலாமா, 5.29-ஆ?

மலையேறி:

வணக்கம். டென்வர் பக்கம் இருக்கிறேன். வண்டி 2017 டொயோட்டா டகோமா பிக்கப், 3.5 லிட்டர் வி6, ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். போன ஏப்ரலில் கம்பெனி டயரான 265/65-17ஐக் கழற்றிவிட்டு 285/70-17 (சுமார் 33 இஞ்ச் உயரம்) போட்டேன். பார்க்க அம்சமாக இருக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ராக்கி மலையில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரைக்கும் ஏறும்போது வண்டி படுத்துகிற பாடு தாங்கவில்லை. ஆறாவது கியரை மறந்தே விட்டது. ஐந்து, நான்கு, மூன்று, திரும்ப நான்கு, உடனே மூன்று என்று மாறிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதில் போட்டால் இன்ஜின் அலறுகிறது, நான்காவதில் விட்டால் வேகம் 60இல் இருந்து 50க்கு இறங்கிவிடுகிறது. பின்னால் ஒரு சின்ன கேம்பிங் டிரெய்லர் வேறு, 2,000 பவுண்டு இருக்கும்.

ஆக்ஸில் கியரை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். அதன் ரேஷியோதான் தலைப்பில் இருக்கும் எண்: சக்கரம் ஒரு சுற்று சுற்ற, இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. மூன்று கடைகளில் கேட்டேன். ஒருவர் 4.88 என்கிறார், இன்னொருவர் 5.29 என்கிறார், மூன்றாமவர் "பின் ஆக்ஸில் மட்டும் போதும், பாதிப் பணம் மிச்சம்" என்கிறார். முன்னும் பின்னும் சேர்த்து 2,800 டாலர் சொல்கிறார்கள். பணத்தைக் கொட்டுவதற்கு முன் அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள். ஸ்பீடோமீட்டர் வேறு தப்பாகக் காட்டுகிறது, இதைச் செய்தால் அதுவும் சரியாகிவிடுமா?

பட்டறைக்காரன்:

முதலில் அந்த மூன்றாவது கடைப் பக்கம் மறுபடியும் போகாதீர்கள். ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் டிரான்ஸ்ஃபர் கேஸில் (இன்ஜின் பலத்தை இரண்டு ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பின்னால் 4.88, முன்னால் பழைய 3.91 என்று இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கால் சுற்று வித்தியாசம். டயர் தேயும், இல்லையென்றால் உள்ளே ஏதாவது உடையும். பனிக்காலத்தில் அந்த மலையில் ஃபோர் வீல் போடாமல் ஓட்டப் போகிறீர்களா என்ன?

இப்போது கணக்கு. உங்கள் வண்டியில் இருப்பது 3.909. அதாவது ஆக்ஸிலில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 11 பல். (அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தார், கிரவுன் பினியன் என்றுதான் வாயில் வரும். இங்கே கடையில் ரிங் அண்ட் பினியன் என்று கேளுங்கள்.) பழைய டயரின் உயரம் 30.6 இஞ்ச், புதியது 32.7. பெரிய சக்கரத்தை ஒரு சுற்று சுற்ற இன்ஜினுக்கு அதிக பலம் வேண்டும். 3.909ஐ 30.6ஆல் பெருக்கி 32.7ஆல் வகுத்துப் பாருங்கள், 3.66 வரும். நீங்கள் கியரைத் தொடவே இல்லை, ஆனால் கம்பெனி 3.66 போட்டுக் கொடுத்த மாதிரிதான் வண்டி நடந்துகொள்கிறது.

பழையபடி ஆக்க 4.18 வேண்டும். அப்படி ஒன்று கடையில் கிடைக்காது. மேலே போனால் 4.56, 4.88, 5.29. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "4.18தானே வேண்டும், 4.56 தாராளம்" என்று நினைப்பார்கள். கணக்குக்கு அது போதும், உங்கள் மலைக்குப் போதாது. அந்தச் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத பலத்தை இழக்கும். மேலே போய்ச் சேரும்போது 278 குதிரைசக்தியில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும். அதோடு இந்த வி6 முழு இழுவையைத் தருவது 4,600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை இன்ஜின் சுற்று). கீழ்ச் சுற்றில் அதனிடம் ஒன்றும் இல்லை. கம்பெனி டயரோடு ஓட்டுபவர்களே இந்த வண்டி கியரைத் தேடி அலைகிறது என்று புலம்புவார்கள்.

மைல் வேகம் × ஆக்ஸில் ரேஷியோ × கியர் ரேஷியோ × 336, அதை டயர் உயரத்தால் வகுத்தால் ஆர்பிஎம். நான்காவது கியர் உங்களுக்கு நேர் ஒன்று, அதனால் கணக்கு சுலபம். 60 மைலில் இப்போது நான்காவதில் 2,410. அது பத்தாது. மூன்றாவதுக்கு இறங்கினால் ஒரேயடியாக 3,590. நடுவில் ஒன்றும் இல்லை, அதனால்தான் உங்கள் வண்டி இரண்டுக்கும் இடையில் ஊசலாடுகிறது. 4.88 போட்டால் அதே நான்காவதில் 3,010. உங்களுக்கு வேண்டிய இடம் அதுதான்.

சமதளத்தில் 70 மைல், ஆறாவது கியரில் இப்போது 1,630 இருக்கும், 4.88இல் 2,040 ஆகும். பயப்படும் அளவு இல்லை. என் ஓட்டு 4.88.

டாலஸ் வெயில்:

பட்டறை அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் எல்லாரும் 2,800 டாலரை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. நானும் இதே வண்டி, இதே டயர், கியரைத் தொடாமல் மூன்று வருடமாக ஓட்டுகிறேன். இங்கே மேடு என்று பார்த்தால் மேம்பாலம் மட்டும்தான், அது வேறு கதை.

முதலில் காசில்லாத வைத்தியம் இருக்கிறது. கீழ் கியரிலேயே அதிக நேரம் பிடித்து வைக்கும் ஈசிடி பவர் பொத்தான் ஒன்று இருக்குமே, ஏற்றத்தில் அதை அழுத்துங்கள். டிரெய்லர் இருந்தால் கியர் லீவரை எஸ் (கியர் வரம்பை நாமே வைக்கும் நிலை) பக்கம் தள்ளி 4இல் வையுங்கள், மேல் கியர்களுக்குப் போகாது. இதைச் செய்தும் திருப்தி இல்லையென்றால் அப்புறம் கடைக்குப் போங்கள்.

டயர் எடையையும் பாருங்கள். ஈ லோடு ரேஞ்ச் (அதிக சுமை தாங்கும் கனமான வகை) டயர் வாங்கியிருப்பீர்கள், பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் என்று எல்லாரும் அதைத்தான் வாங்குகிறோம். கம்பெனி டயரை விட ஒவ்வொன்றும் 15 பவுண்டாவது கூடுதலாக இருக்கும். உங்கள் சுமைக்கு சி ரேஞ்ச் போதும்.

மைலேஜ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் இதில் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். டயர் பெரிதானதும் ஓடோமீட்டர் குறைவாக எண்ணும். 100 மைல் என்று காட்டும்போது உண்மையில் 107 ஓடியிருப்பீர்கள். காட்டும் தூரத்தை பெட்ரோலால் வகுத்து 16 வந்தால் நிஜம் 17. டயர் மாற்றியதும் மைலேஜ் செத்துவிட்டது என்று அழுகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

ஸ்பானர் சித்தப்பா:

ரேஷியோ சண்டையை நீங்கள் போடுங்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன்: எந்தக் கியர் என்பதை விட யார் பொருத்துகிறார்கள் என்று பாருங்கள்.

என் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் 35 இஞ்ச் டயருக்காக 3.55ஐ எடுத்துவிட்டு 4.10 போட்டேன். கடை பெயர் வேண்டாம். காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான்காவது நாள், 55 மைலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஊளை. காலை வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் மறுபடி ஊளை. "புதுக் கியர் அப்படித்தான், பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை. 900 மைலில் நானே பின் மூடியைக் கழற்றினேன். ஆயில் திருவிழாவில் முகத்தில் பூசும் ஜிகினா மாதிரி மின்னியது. விரலால் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. பற்கள் எங்கே உரசுகின்றன என்று தெரிய பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்த்தேன், தடம் நடுவில் விழவேண்டியது பல்லின் அடிப்பக்கத்தில் அப்பிக்கொண்டு கிடந்தது. பினியனை அளவுக்கு மீறி உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். பினியன் எவ்வளவு உள்ளே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் மெல்லிய தகடான ஷிம், அதில் பழையதையே அப்படியே போட்டு மூடிவிட்டிருந்தார்கள். கியர், பேரிங் எல்லாம் மறுபடியும் புதிதாக வாங்கினேன்.

ஆகவே கடையில் இதைக் கேளுங்கள்: தடம் பதிந்த பல்லைப் புகைப்படம் எடுத்துத் தருவீர்களா, இரண்டு பக்கமும்? பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) எவ்வளவு வைத்தீர்கள் என்று எழுதித் தருவீர்களா? எல்லா பேரிங்கும் புதிதா? இதற்கு முகம் சுளிக்கிற கடை வேண்டாம். வீட்டில் நீங்களே செய்யலாமா என்றால், பின் ஆக்ஸிலுக்கு ஒருவேளை முயலலாம், முன் டிஃபரென்ஷியலை (முன் ஆக்ஸிலின் கியர்ப் பெட்டி) வண்டியிலிருந்து முழுதாக இறக்கிப் பிரிக்க வேண்டும். டயல் கேஜ் (நுண்ணிய இடைவெளி அளக்கும் கருவி) பிடித்துப் பழக்கமில்லாதவர் தொட வேண்டாம்.

மலையேறி:

எல்லாருக்கும் நன்றி. ஈசிடி பொத்தானை அழுத்தி எஸ்-4இல் வைத்து ஒரு முறை ஏறினேன். அலைவது நின்றது, ஆனால் கடைசி எட்டு மைல் 48இல்தான் போனேன், பின்னால் வந்தவர்கள் விளக்கை அடித்துக்கொண்டே வந்தார்கள். ஆக கியர் மாற்றுவது என்று முடிவு.

இரண்டு சந்தேகம். பழைய ஆள் ஏற்கெனவே ஏதாவது மாற்றியிருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது (வண்டியை இரண்டாம் கையாகத்தான் வாங்கினேன்)? அப்புறம், 5.29 ஏன் வேண்டாம்?

பட்டறைக்காரன்:

கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீடு இருக்கும், ஆனால் அது கம்பெனி போட்டதை மட்டும் சொல்லும். நிஜத்தைப் பார்க்க: சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். நியூட்ரல். பின் ஆக்ஸிலுக்குப் போகும் பிராப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்ற வேண்டும். அதுதான் 3.909. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்று, அதை மறந்துவிடாதீர்கள்.

5.29: 37க்கு 7 பல். 4.88 என்பது 39க்கு 8. பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது, பல்லும் குறைகிறது. 35 இஞ்ச் டயருக்குப் போகிற எண்ணம் இருந்தால் 5.29 யோசிக்கலாம். 33க்கு அது அதிகப்படி, சமதளத்தில் 70இல் 2,200 ஓடும்.

ஸ்பீடோமீட்டர் கேட்டீர்களே. டகோமாவில் வேகத்தைச் சக்கரத்தில் இருக்கும் சென்சார்தான் எடுக்கிறது. கியர் மாற்றுவதால் சரியாகவும் ஆகாது, மோசமாகவும் ஆகாது. டயர் உயரத்தைத் தனியாகத் திருத்த வேண்டும். அதுவரை போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு ஓட்டுங்கள். சித்தப்பாவின் ஃபோர்டு வேறு மாதிரி, அதில் ஆக்ஸில் ரேஷியோவையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, பிரேக். பெரிய, கனமான டயரை நிறுத்த அதே பழைய பிரேக்தான் இருக்கிறது, கியர் மாற்றினாலும் பிரேக் வளராது. ஆனால் இறக்கத்தில் கீழ் கியரில் விட்டால் இன்ஜின் பிடிப்பு முன்பை விட நன்றாக இருக்கும், டிரெய்லரோடு சுரங்கப்பாதையிலிருந்து டென்வர் பக்கம் இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

மலையேறி:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். 4.88, முன்னும் பின்னும். கடைக்காரர் தடத்தின் படத்தையும் பேக்லாஷ் அளவையும் கேட்காமலே கொடுத்தார், இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். முதல் 20 மைல் மெதுவாக ஓட்டி அரை மணி ஆறவிடச் சொன்னார், 500 மைல் வரை டிரெய்லர் கூடாது என்றார், அதன்பிறகு ஆயிலை மாற்றினோம். கொஞ்சம் சாம்பல் நிறமாக இருந்தது, சித்தப்பாவின் ஜிகினா இல்லை.

போன சனிக்கிழமை டிரெய்லரோடு ஏறினேன். நான்காவதிலேயே நின்றது, 58, 60. சுரங்கப்பாதைக்குக் கிட்டே ஒரே ஒரு முறை மூன்றுக்குப் போய் வந்தது. மைலேஜ் முன்னே பின்னே அதேதான், டாலஸ்காரர் சொன்னபடி திருத்திப் பார்த்தால்.

பழைய பினியனைக் கேட்டு வாங்கி வந்தேன். பையன் மேஜையில் வைத்துக்கொண்டு பல்லை எண்ணினான். 11தான்.