'வைரல் ஷெட்டிங்': உதிர்வா, கசிவா, ஊறலா?

அன்புள்ள நண்பர்களே,

தொற்றுள்ளவரின் விந்து, மலம் போன்றவற்றில் வைரஸ் வெளிவருவதை ஆங்கிலத்தில் 'வைரல் ஷெட்டிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வைரஸ் உதிர்வு, வைரஸ் வெளியேற்றம், வைரஸ் கசிவு. மூன்றையும் நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வைத்துப் பார்த்தேன். எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மருந்தைத் தொடங்காத ஆண்களின் விந்துநீரில் எச்ஐவி எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதுதான் கட்டுரை.

வெளியேற்றம் வேண்டவே வேண்டாம். வரைவைப் படித்த தோழர் ஒருவர், "வெளியேறுதுன்னா நல்லதுதானே, உடம்புல குறையும்ல?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. கழிவு வெளியேறும், வியர்வை வெளியேறும். போனால் தொல்லை விட்டது என்றுதானே தோன்றும்? உதிர்வுக்கும் இதே கோளாறு. உதிர்ந்த இலையோடு கதை முடிந்தது. இங்கே வருவதோ அடுத்தவருக்குத் தொற்றக்கூடிய வைரஸ்.

கசிவு எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் அது, இரத்தத்தில் இருப்பதுதான் விந்துக்குள் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுகிறது. இரத்தத்தில் மிகுந்தால் விந்திலும் பெரும்பாலும் மிகும், சரி. தொற்றிய முதல் சில வாரங்களில் இரண்டிலுமே எக்கச்சக்கமாக இருக்கும். ஆனாலும் இந்தக் கணக்கு அடிக்கடி தப்புகிறது. மலாவியில் நடந்து 1997இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். சிறுநீர்வழி அழற்சி இருந்த ஆண்களின் விந்தில், அழற்சி இல்லாதவர்களைவிட 8 மடங்கு வைரஸ். இரத்தத்திலோ இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. அழற்சிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். 2 வாரத்தில் விந்தில் இறங்கிவிட்டது, இரத்தத்தில் குறிப்பிடும்படி மாறவில்லை. வெட்டை நோய் இருந்தவர்களிடம் இந்த ஏற்றம் மிக அதிகம். அழற்சி உள்ள இடத்தில் வெள்ளணுக்கள் குவிகின்றன. அவற்றில் தொற்றுள்ளவை அங்கேயே வைரஸைப் பெருக்குகின்றன. விந்தில் சைட்டோமெகலோ என்ற இன்னொரு வைரஸ் இருந்தாலும் எச்ஐவி கூடுதலாகக் காணப்படுகிறது.

ஆகவே என் பரிந்துரை: வைரஸ் ஊறல்.

கிணற்றில் ஊறும் நீருக்கு மேலே பெய்த மழை ஒரு காரணம். அடியில் உள்ள ஊற்றுக்கண் இன்னொரு காரணம். காலையில் குடம் நிறையும், மாலையில் ஈர மணல்தான் இருக்கும். விந்திலும் அப்படித்தான்: ஒரே ஆளிடம் ஒரு நாள் வைரஸ் தெரியும், இன்னொரு நாள் தெரியாது. 'விட்டுவிட்டு ஊறல்' என்று எழுதினால் விளக்கமே தேவையில்லை. விரையிலிருந்து வரும் குழாயை வெட்டி அடைக்கும் கருத்தடை (வாசெக்டமி) செய்துகொண்டவர்களிடமும் விந்திலுள்ள வைரஸ் அவ்வளவாகக் குறைவதில்லை. அப்படியானால் அதில் பெரும்பங்கு விரைகளில் இருந்து வரவில்லை. விந்துப்பை, புராஸ்டேட் பக்கம் ஊறுகிறது.

-----

அக்கா, விளக்கம் அருமை. ஒரு தயக்கம் மட்டும். செய்தித்தாளில் ஊறல் என்றாலே 'சாராய ஊறல் அழிப்பு'தான். சுரப்பு என்று வைத்தால் என்ன?

-----

தம்பி, அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் சுரப்பு, சுரப்பிகளுக்கும் ஹார்மோனுக்கும் போய்விட்டது. 'விந்தில் வைரஸ் சுரப்பு' என்றால் எச்ஐவி உள்ள ஒருவர், தன் உடம்பின் இயல்பே அது என்று நினைத்துவிடுவார். அழற்சியைக் குணப்படுத்தினால் குறையும், ஏஆர்டி எடுத்தால் அநேகமாக அடங்கியே போகும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? ஊறல் வற்றும் என்று சொல்லலாம்; சுரப்புக்கு அந்த வசதி குறைவு.

ஊறல் என்று தனியாக எங்கும் விடாமல் 'வைரஸ் ஊறல்' என்றே எழுதுகிறேன். மலத்தில் வரும் போலியோ வைரஸுக்கு இந்தச் சொல் ஒட்டவில்லை. அதற்கு வேறு பார்க்க வேண்டும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.