மறுமொழி: செப்பு வேட்டைக்குண்டு – பொருளுக்கு ஒரு சொல், செயலுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பெருவிலங்கு வேட்டையில் ஈயத்துக்கு மாற்றாக வந்துள்ள முழுச்செம்புக் குண்டுக்கு ‘செப்புக்குண்டு’, ‘ஈயமிலாக் குண்டு’ என்னும் இரண்டு தமிழ்ச்சொல் பரிந்துரைகள் இந்த இழையில் வந்திருக்கின்றன. இரண்டும் எளியவை, ஆனால் இரண்டுமே குண்டு எதனால் ஆனது என்பதை மட்டும் சொல்லி, விலங்கின் உடலுக்குள் அது என்ன செய்கிறது என்பதை விட்டுவிடுகின்றன. பொருளையும் செயலையும் தனித்தனிச் சொற்களால் குறித்து, தேவைப்படும் இடத்தில் சேர்த்துக்கொள்வதே முறை என்று கருதுகிறேன்.

வழக்கமான வேட்டைக்குண்டு, மெல்லிய செப்புக் கலவை உறைக்குள் ஈயக் கருவை அடைத்துச் செய்யப்படுவது. ஆகவே பார்வைக்கு அதுவும் செப்புக்குண்டுதான். உடலில் மோதும்போது அதன் ஈயம் நசுங்கி, எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சிறு துணுக்குகளாகப் பிரிந்து தசையில் பரவிவிடுவது உண்டு. நுரையீரலில் இந்தச் சிதறல் அகன்ற காயத்தை உண்டாக்கி விலங்கை விரைவில் வீழ்த்துகிறது. ஆனால் எல்க், மூஸ் போன்ற பெரிய மான்களின் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே செல்ல வேண்டிய எடை குண்டில் எஞ்சாமல் போகலாம். வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற குடல்களில் கிடந்த அதே துணுக்குகளைத் தின்று கலிபோர்னியக் காண்டார் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) ஈய நஞ்சேறி இறந்தன. 1982-இல் 22 மட்டுமே எஞ்சியிருந்த பறவை அது. கலிபோர்னியா மாநிலத்தில் 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கி கொண்டு காட்டுயிர்களை வேட்டையாட ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தவே கூடாது.

முழுச்செம்புக் குண்டில் உறையும் கருவும் இல்லை. அமெரிக்காவின் பார்ன்ஸ் நிறுவனம் 1989-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ் குண்டு இவ்வகையில் முன்னோடி. முனையில் உள்ள குழிவுக்குள் உடல் நீர்மம் அழுத்தத்துடன் புகும்போது செம்பு நான்கு இதழ்களாகப் பிளந்து பின்னோக்கி வளைகிறது. குண்டின் விட்டம் ஏறத்தாழ இருமடங்காகிறது. எடையோ பெரும்பாலும் முழுமையாக நிற்கிறது. அதனால்தான் 180 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) ஈயக் குண்டு பயன்படுத்தியவர்கள் 150 அல்லது 165 கிரெய்ன் செப்புக்குண்டுக்கு மாறியும், அது மறுபக்கம் வெளியேறும் அளவுக்கு ஆழமாகச் செல்வதைக் காண்கிறார்கள். இரண்டு துளைகள் இருந்தால் குருதித் தடத்தைப் பின்தொடர்வதும் எளிதாகிறது.

குறையும் உண்டு, அதற்கும் நமக்குச் சொல் வேண்டும். செம்பு ஈயத்தைவிடக் கடினமானது. நெடுந்தொலைவில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே தணிந்துவிட்டால், பல வகைக் குண்டுகள் இதழ் பிரியாமலே குறுகிய துளையிட்டுக் கடந்துவிடுகின்றன. விலங்கு காயத்தோடு வெகுதூரம் ஓடுகிறது. இதழ் பிரிந்து விரிவதை ‘மலர்வு’ என்று கொண்டால், இந்த வேக வரம்பை ‘மலர்வுத் தொடக்க வேகம்’ என்றும், எஞ்சும் எடையின் விழுக்காட்டை ‘எடைத்தக்கவு’ என்றும் குறிக்கலாம். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், ஈயத்தின் அடர்த்தி 11.34 கிராம். ஆகவே ஒரே எடையில் செப்புக்குண்டு நீளமாகிறது, அதை நிலையாகச் சுழற்றத் துப்பாக்கிக் குழலின் உட்புறச் சுருள்வரிகளின் முறுக்கும் விரைவாக இருக்க வேண்டியிருக்கிறது. எடை குறைந்த குண்டை விரைவாகச் செலுத்துவது நல்லது என்ற அறிவுரைக்கு இந்த இரண்டும் காரணங்கள்.

ஜெர்மன் வேட்டைக்காரர்கள் உருமாறும் குண்டு, சிதையும் குண்டு, பகுதி சிதையும் குண்டு என்று செயலை வைத்தே வகை பிரிக்கிறார்கள். நமக்கும் இதுவே உகந்தது என்பேன். ஏனெனில் இதழ்கள் வேண்டுமென்றே முறிந்து தெறிக்கும்படி வடிவமைத்த செப்புக்குண்டுகளும் இருக்கின்றன. கரு உறையோடு பிணைக்கப்பட்டு, சிதறாமல் விரியும் ஈயக் குண்டுகளும் இருக்கின்றன.

‘விரி’ என்ற வேரை நான் தவிர்ப்பதற்குக் காரணம், வெப்ப விரிவு, வாயு விரிவு என இயற்பியலில் அது ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ‘மலர்’ என்றால் இதழ் என்ற சொல்லும் இயல்பாக உடன் வருகிறது. 1899 ஹேக் பிரகடனம் போரில் தடைசெய்த, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையின் பெயரால் அறியப்படும் குண்டுகளும் உடலுக்குள் மலர்பவையே என்பதால், சட்டத் தமிழுக்கும் இந்தச் சொல் பயன்படும்.

இனித் தலைச்சொல், அதாவது இந்தத் தொடர்களின் இறுதியில் நிற்கும் பெயர். ‘குண்டு’ என்றால் வெடிகுண்டும் நினைவுக்கு வருகிறது. ‘சிதறுகுண்டு’ என்று எழுதினால் எவரும் வேட்டையை நினைக்கமாட்டார். ‘தோட்டா’ என்பதைக் குண்டும், வெடிமருந்தும், அவற்றைத் தாங்கும் உலோகக் கூடும் சேர்ந்த முழுப்பொருளுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் உடலிலிருந்து எடுக்கப்படும் உலோகத்துக்குச் ‘சன்னம்’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. நமக்கு வேண்டிய பொருள் துல்லியமாக அதுதான். ஆகவே மேற்சொன்ன மூன்று வகைகளுக்கும் முறையே மலர்சன்னம், சிதறுசன்னம், பகுதிச்சிதறு சன்னம். பொருளையும் சுட்ட வேண்டுமானால் முன்னொட்டாகச் செப்பு மலர்சன்னம், பிணைப்பீய மலர்சன்னம்.

எழுத்து முறையில் ஒரு வேண்டுகோள். ஊறுகாய், சுடுகாடு போல மலர்சன்னமும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘மலர்ச்சன்னம்’ என்று எழுதினால் பூவால் ஆன சன்னம் என்று பொருள் திரிந்துவிடும். பிழைதிருத்திகள் ஒற்றைச் சேர்த்துவிடக்கூடும் என்பதால் அகரமுதலியில் ஏற்றும்போதே இதைக் குறித்துவைக்க வேண்டும்.

இலங்கை நண்பர்கள் ‘ரவை’, ‘சன்னம்’ ஆகிய இரண்டின் பொருள் எல்லைகளைத் தத்தம் ஊர் வழக்கிலிருந்து விளக்கினால், ‘தோட்டா’வுக்கு இணையாக ‘ரவை’யையும் பதிவு செய்யலாமா என்று முடிவெடுக்க முடியும். தமிழ்நாட்டில் ‘ரவை’ சிறு பறவைகளைச் சுடும் பொடிக் குண்டுகளையும் குறிப்பதால் இதைக் கேட்கிறேன்.

அன்புடன்.