ஈ-இங்க் திரையில் நிழல் தட்டுமா, தட்டாதா?

கீழக்கரை_காக்கா: தேவிபட்டினத்துத் தம்பி நேற்று பெருமையடித்திருக்கிறார்: "ரீமார்க்கபிள் 2 என்ற ஈ-இங்க் டேப்லெட்டுக்கு மீன் ஏலக் கணக்கு ஆப் செய்துவிட்டேன், திறந்த மூலம், நிரலை யாரும் பார்க்கலாம். வெயிலில் ஃபோனைவிடப் பளிச்சென்று தெரியும். விலையை எத்தனை தடவை மாற்றினாலும் பழைய எண்ணின் நிழல் தட்டவே தட்டாது." வெயிலில் தெரியும் என்பது சரி. நிழல் தட்டாது என்பது பச்சைப் பொய். ஈ-இங்க் திரைக்குள்ளே கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னழுத்தத்தில் மேலும் கீழும் நகர்கின்றன. வேகத்துக்காக டியூ என்ற விரைவுப் புதுப்பிப்பு முறையில் ஓட்டினால் திரை மினுங்காது, ஆனால் பழைய எண் அடியில் மங்கலாக நிற்கும். 8-ஐ அழித்து 3 போட்டால் வியாபாரி எதைப் படிப்பார்?

தேவிபட்டினம்_தம்பி: காக்கா, ஆப்பைத் தொட்டே பார்க்காமல் தீர்ப்பா? கணவாய் விலையை அழித்து அழித்து எழுதினேன். தட்டவில்லை.

கீழக்கரை_காக்கா: தட்டும். இல்லையென்றால் கோரீடர் என்ற புத்தகம் படிக்கும் ஆப்பில் 'இத்தனை பக்கத்துக்கு ஒருமுறை முழுத்திரையையும் புதுப்பி' என்று அமைப்பு எதற்கு? அழகுக்கா?

மண்டபம்_விசைப்படகு: நிழல் கிடக்கட்டும். திறந்த மூலம் என்றீர்களே, நிரல் எங்கே? இணையக் களஞ்சியத்தில் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பு மட்டும் இருக்கிறது.

தேவிபட்டினம்_தம்பி: சுத்தம் செய்துவிட்டுப் போடுகிறேன்.

மண்டபம்_விசைப்படகு: போன மீன்பிடித் தடைக்காலத்திலும் இதே பாட்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தானே கிடந்தன? அப்போது செய்திருக்கலாமே.

தொண்டி_திருக்கை: இன்னொன்று. ரீமார்க்கபிள் 1-ல் திரையை இயக்க சிப்பிலேயே தனிப் பகுதி உண்டு. 2-ல் அந்த வேலையை மென்பொருள் செய்கிறது, அதுவும் சோச்சிட்ல் என்ற மூடிய நிரலுக்குள். அதனால்தான் மற்ற ஆப்கள் திரையில் எழுத ஆர்எம்2எஃப்பி என்ற இடைநிரலைச் செய்தார்கள். தம்பி எந்த வழியில் போனார்?

தேவிபட்டினம்_தம்பி: அதே வழிதான். டோல்டெக் என்ற ஆப் தொகுப்பைப் போட்டு, எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக ஏற்றினேன். போதுமா?

கீழக்கரை_காக்கா: எந்த வழியில் போனாலும் நிழல் தட்டும்.

தொண்டி_திருக்கை: நான் நிழலைப் பற்றிக் கேட்கவில்லை காக்கா.

கீழக்கரை_காக்கா: நான் அதைப் பற்றித்தான் பேசுகிறேன். இழையைத் தொடங்கியவன் நான்.

தேவிபட்டினம்_தம்பி: இவருக்கு என்ன எரிச்சல் என்று எனக்குத் தெரியும். கச்சான் காற்றுக்கு இவர் வரைந்த அம்புக்குறியை என் பழைய காற்று ஆப்பில் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து நான் எது செய்தாலும் தட்டும், முட்டும்.

கீழக்கரை_காக்கா: சேர்க்கவில்லையா? திருப்பிப் போட்டுச் சேர்த்தீர்கள். கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று. உங்கள் ஆப்பில் இலங்கையிலிருந்து வந்தது. தொழிலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை செய்கிற வேலையா அது?

பாம்பன்_வாடை: இதெல்லாம் எதற்கு? ஏலக் கூடத்தில் உப்புக் கையோடு அதைத் தொட முடியுமா? நோட்டும் பேனாவும் போதும்.

தேவிபட்டினம்_தம்பி: அப்படியென்றால் நீங்கள் ஏன் இந்தப் பக்கம் வந்தீர்கள் அண்ணே?

மண்டபம்_விசைப்படகு: நிரல் இல்லாமல் திறந்த மூலம் என்று சொன்னால் கேட்க வரத்தான் செய்வார்கள்.

தேவிபட்டினம்_தம்பி: மீன் பெயரெல்லாம் தமிழில் உடையாமல் வருகிறது. அதை ஒருத்தரும் பாராட்டவில்லை.

கீழக்கரை_காக்கா: தமிழ் உடையவில்லை, மகிழ்ச்சி. நிழல் தட்டுகிறது. நண்டுக்கு 880 என்று எழுதி அழித்து, 330 எழுதிப் படம் எடுத்துப் போடுங்கள். டியூ முறையில். நடுவில் முழுத்திரையைப் புதுப்பிக்கக் கூடாது.

தேவிபட்டினம்_தம்பி: உங்களுக்குப் படம் எடுத்துக் காட்டத்தான் நான் ஆப் எழுதினேனா?

கீழக்கரை_காக்கா: படம் வராது. ஏன் என்றால் தட்டும்.

மண்டபம்_விசைப்படகு: நிரல்?