மறு: ரேக்குக்குத் தமிழ்ல என்ன சொல்றது

கண்டி அண்ணனுக்கும் பதுளை டீச்சருக்கும் மத்தவங்களுக்கும் வணக்கம். ஆம்ப், ரவுட்டர் மாதிரி சாமான மாட்டி வைக்கிற இரும்புச் சட்டம், அந்த ரேக்குக்கும் அதோட பாகங்களுக்கும் நம்ம சொல்பட்டியல்ல என்ன சொல்லு போடலாம்னு எல்லாரும் எழுதினத வாசிச்சேன், நான் ஹட்டன் நுவரெலியா பக்கம் வீடுகளுக்கும் லீவு பங்களாக்களுக்கும் கேமரா, வைஃபை, ஹோம் தியேட்டர் மாட்டுற ஆளு, அதனால வேல செய்ற எடத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

> "உபகரண அடுக்குச் சட்டகம்" எனலாம். பொருள் தெளிவாக இருக்கிறது.

அண்ணே பொருள் தெளிவுதான், இல்லேங்கல. ஆனா ஆம்ப்ளிஃபயர நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறவன் பக்கத்துல இருக்கிற பையன்கிட்ட "டேய் அந்த உபகரண அடுக்குச் சட்டகத்த இந்தப் பக்கம் இழு"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள கை கடுத்துரும். டீச்சர் சொன்ன இறாக்கைதான் எனக்கு சரியாப் படுது. நம்ம ஊர்ல புத்தக ராக்கை, செருப்பு ராக்கை, கடையில சாமான் அடுக்குற ராக்கைன்னு எல்லார் வாயிலயும் இருக்கு, சிங்களத்துலயும் ராக்கய தான், ரெண்டுமே ஒல்லாந்தர் காலத்து சொல்லு. மேசன் பாஸ், தச்சு பாஸ்னு கூப்பிடுறோமே அந்த பாஸும் அவங்க விட்டுட்டுப் போனதுதான். மேசை, அலுமாரி, சாவி எல்லாம் அதுக்கும் முந்தி போர்த்துக்கீசர் கொண்டு வந்தது. அதெல்லாம் தமிழா இருக்கும்போது ராக்கைக்கு மட்டும் ஏன் வாசல அடைக்கணும்?

கொழும்புல இருந்து ஒரு தம்பி கேட்டது நியாயமான கேள்வி.

> ராக்கைன்னா பலகை இருக்கும், சாமான் அது மேல உக்காரும். ரேக்ல பலகையே கிடையாதே?

உண்மைதான். ரேக்குங்கிறது அடிப்படையில நட்டுக்க நிக்கிற ரெண்டு இரும்பு, இல்லன்னா நாலு. சாமான் எது மேலயும் உக்காராது, முன்பக்கம் ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கிற காதுல ஸ்குரூ போட்டுத் தொங்கும். காதுன்னு நாங்க புதுசா பேர் வைக்கல, வேல செய்றவங்க எல்லாம் காதுன்னுதான் சொல்றாங்க. காதோட சேத்து முன் தகடு 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர், ரெண்டு நிலைக்கும், அதாவது நிக்கிற அந்த ரெண்டு இரும்புக்கும், நடுவுல 450 மில்லிமீட்டராவது திறந்து கிடக்கணும். இந்த அளவு 1920கள்ல அமெரிக்காவுல டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சாமான் மாட்டுறதுக்குன்னு வந்தது, இன்னிக்கு நம்ம வீட்டு சாமானுக்கும் அதேதான்.

ஆனா தம்பி, வீட்டு ரேக்ல போய்ப் பாருங்க, காது உள்ள சாமான் எத்தன இருக்கு? ஃபைபர் பெட்டி, ரவுட்டர், டிவி டெக்கோடர், கேமரா ரெக்கார்டர், எதுக்கும் பெரும்பாலும் காது கெடையாது. தியேட்டர் ரிசீவர் 43, 44 சென்டிமீட்டர் அகலத்துல வரும், நிலைக்குள்ள நுழையும் ஆனா புடிச்சுக்க ஒண்ணும் இருக்காது. அதனால காது வச்ச ஒரு தகட்ட நிலையில மாட்டி அது மேலதான் இதையெல்லாம் வைக்கணும், அந்தத் தகட்டுக்கு எங்க பசங்க தட்டுன்னு சொல்றாங்க. ஆக முழுசுக்கும் ராக்கை, நிக்கிற இரும்புக்கு நிலை, கதவு நிலை மாதிரி, உள்ள போடுறதுக்கு தட்டு. ராக்கையில தட்டு வந்துட்டதால தம்பியோட கேள்விக்கு பாதி பதில் அங்கேயே கெடச்சிருச்சு.

இப்ப யூ விஷயம். ஒரு யூன்னா 1.75 அங்குலம், 44.45 மில்லிமீட்டர், ராக்கையோட உயரத்த இதாலதான் அளக்குறது, 6யூ, 12யூ, 42யூன்னு. இதுக்கு அலகுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். தயவு செஞ்சு வேணாம். நம்ம நாட்டுல அலகுன்னா கரண்ட் பில்லு, "வீட்டுல 12 அலகு"ன்னா இவ்வளவு கம்மியாவான்னு சந்தோசப்படுவாங்க. படின்னு சொல்லலாம்னு கண்டி அண்ணன் சொல்றார், எனக்கும் புடிச்சிருந்தது, ஆனா இங்க முக்கால்வாசி ராக்கை மாடிப்படிக்குக் கீழ இருக்கிற பொந்துலதான் போகுது, "படிக்குக் கீழ ஆறு படி"ன்னு ஆர்டர் எழுதினா கடைக்காரர் என்ன அனுப்புவாரோ தெரியாது. கண்ணுன்னு சொன்னா இன்னும் மோசம், ஏன்னா ஸ்குரூ போடுற ஓட்டையத்தான் நாங்க கண்ணுன்னு சொல்றோம், ஒரு யூவுக்கு நிலையில மூணு கண்ணு இருக்கு.

அந்த மூணு கண்ணப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், புதுசா மாட்டுறவங்க எல்லாம் முழிக்கிறது அங்கதான். கண்ணுங்க ஒரே இடைவெளியில இருக்கிற மாதிரி தெரியும், கிடையாது. 15.9 மில்லிமீட்டர், திரும்ப 15.9, அப்புறம் 12.7, இப்படியே மேல வரைக்கும் போகும். ஒண்ணுக்கொண்ணு நெருங்கி இருக்கிற ரெண்டு கண்ணுக்கு நடுவுலதான் ஒரு யூ முடிஞ்சு அடுத்தது தொடங்குது. அது தெரியாம ஏதோ ஒரு கண்ணுல இருந்து ஆரம்பிச்சா முதல் சாமான்லயே காது ஓட்டை சேராது, இல்ல அது சேந்து அடுத்தது சேராது, நடுவுல எதுக்கும் ஆகாத சந்து விழும். வெரலால தடவிப் பாத்தே நெருக்கமான ஜோடிய கண்டுபிடிச்சிரலாம். சதுரக் கண்ணா இருந்தா அதுக்குள்ள கூண்டு நட்ட சொருகணும், ஸ்பிரிங் தகட்டுக் கூண்டுக்குள்ள ஒரு எம்6 நட் ஆடிக்கிட்டு இருக்கும், ஸ்குரூடிரைவர் இல்லாம கையால அமுக்கினா பெருவெரல் கிழியும். இதுக்கு கூண்டு நட்டுங்கிற பேர் போதும்னு நெனைக்கிறேன், யாரும் எதிர்க்கலன்னா எழுதிக்குவோம்.

யூவ யூவாவே விட்டுருவோம்ங்கிறது என் கருத்து. வோல்ட், வாட், அங்குலம் எதையும் நாம மொழிபெயர்க்கல, அளவுக்கு அளவோட பேரே இருக்கட்டும்.

அடுத்தது வீட்டுல ராக்கை வைக்கிற எடத்துக்குப் பேரு. "ஊடக அலமாரி"ன்னு எழுதியிருந்தத பாத்ததும் சிரிச்சிட்டேன் மன்னிக்கணும், கதவத் தொறந்தா மைக்கோட நாலு நிருபர் வெளிய வருவாங்க போல இருக்கு. ஸ்டோர் ரூம்னு கொழும்பு பக்கம் சொல்வாங்க, தோட்டத்துல ஸ்டோருன்னா தேயிலை ஃபேக்டரி, அதுவும் சரி வராது. சுவரோட சேத்துக் கட்டினது சுவர் அலுமாரிதான், அதுல ராக்கை வச்சா ராக்கை அலுமாரி. அவ்வளவுதான்.

காத்து போற தகட்டுக்கும் காலி எடத்த மூடுற தகட்டுக்கும் தனித்தனி சொல்லு கட்டாயம் வேணும், ஏன்னா இங்க உள்ளவங்க அது ரெண்டையும் வாங்கவே மாட்டேங்குறாங்க. "நுவரெலியா குளிருக்கு என்ன தம்பி ஃபேன்"னு கேப்பாங்க. வெளிய 12 டிகிரியா இருக்கலாம், மூடின அலுமாரிக்குள்ள ஆம்ப்பும் யூபிஎஸ்ஸும் ரெக்கார்டரும் ராப்பகலா எரிஞ்சா அந்தக் குளிரு உள்ள வராது. அதோட நுவரெலியா 1868 மீட்டர்ல இருக்கு, கடல் மட்டத்த விட காத்து ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு லேசு, அதே ஃபேன் சுத்தினாலும் தள்ளிட்டுப் போற சூடு கம்மி. நெறைய அடாப்டர் முதுகுல 2000 மீட்டர் வரைக்கும்னு ஒரு முக்கோணக் குறி இருக்கும் பாருங்க, நாம அந்தக் கோட்டுக்கு ரொம்பத் தூரத்துல இல்ல. காலி எடத்த மூடாம விட்டா பின்னால வர்ற சூடு அந்தச் சந்து வழியா முன்னால வந்து திரும்ப சாமானுக்குள்ளயே போகும். ஆக ஓட்டை உள்ளது காத்துத் தகடு, இல்லாதது மூடு தகடு. கதவுலயும் கீழ ஒரு வழி மேல ஒரு வழி வெட்டணும், இல்லன்னா காத்துத் தகடும் பிரயோசனம் இல்ல. மூடுபனி நாள்ல கரண்ட் போய் சாமான் ஆறிக் கெடக்கும்போது குசினி ஆவி உள்ள போச்சுன்னா இரும்புல வேர்த்திருக்கும், துடைச்சு காய விட்டுத்தான் சுவிட்ச் போடணும்.

கனமான யூபிஎஸ் அடித்தட்டுல, ஆம்ப் மேல, அதுக்கு மேல ஒரு யூ காத்துத் தகடு, இது எங்க வழக்கம். பழைய பங்களா கருங்கல் சுவர்ல ராக்கைய தொங்க விடுறதுன்னா போல்ட் கல்லுக்குள்ள எறங்கணும், கல்லுக்கு நடுவுல இருக்கிற சுண்ணாம்புச் சாந்துல துளைச்சா சுலபமா போகும், அதே சுலபத்துல வெளியவும் வந்துரும். ஏப்ரல்லயும் ஐப்பசியிலயும் பின்னேர இடி இருக்கே, அதனால ராக்கை இரும்பையே எர்த்தோட சேக்கணும். எர்த்துக்கு புவித்தொடுப்புன்னு பாடப்புத்தகத்துல இருக்கு, எழுதும்போது அதையே எழுதலாம்.

எழுத்து விஷயத்துல டீச்சர் முடிவு பண்ணட்டும், எனக்கு ராக்கை வசதி.

--

தம்பி, டீச்சர்தான் எழுதுறேன், விளக்கமா எழுதினதுக்கு நன்றி. நிலை, தட்டு, காது, கூண்டு நட், காத்துத் தகடு, மூடு தகடு எல்லாம் எனக்கு சம்மதம். பேசும்போது ராக்கைன்னே சொல்லுங்க, ஆனா சொல்பட்டியல்ல இறாக்கைன்னுதான் போடுவேன், இறப்பர்னு எழுதிப் பழகின பிள்ளைங்களுக்கு அது புதுசு இல்ல. யூ விஷயத்துல நான் இன்னும் மனசு மாறல, படிக்குக் கீழ வைக்காத ராக்கைங்களும் இருக்குதானே. கண்டி அண்ணன் என்ன சொல்றார்னு பாப்போம். அப்புறம், வரிசையா கேபிள் சொருகுற அந்த 24 வாய் பலகை, பேட்ச் பேனல், அதுக்கு உங்க பசங்க என்ன சொல்றாங்க?

--

டீச்சர், பசங்க "வாய்ப் பலகை"ன்னுதான் சொல்றாங்க. கிண்டலுக்குச் சொன்னது, அப்படியே நின்னுருச்சு.